தண்டம் அரசுக்கு, இழப்பு யாருக்கு?

எமது வாவியின் இரு கரைகளிலும் வீதிகள் அகலமாகிவிட்டன. 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில், பாதையில் ஏறிக் கடந்த மண்முனைத் துறைக்கும் பாலம் கிடைத்தது. இவற்றை மகிழ்வோடு வரவேற்றோம். ஆனால் விடியுமுன் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிச் செல்பவரும் இதே வீதியில்தான் செல்கிறார். அவர் வாகனம் மோதி இறந்தால் நீதிமன்றில் நடப்பது என்ன?

கவலையீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டால், தண்டத்தோடும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடும் வழக்கு முடிவதுண்டு. “ஓர் உயிரின் விலை இவ்வளவுதானா?” என்று உறவினர் குமுறுவர்.

நீதிமன்றம் உயிருக்கு விலை பேசவில்லை. சாரதியின் தவறையே அளக்கிறது. கொல்லும் எண்ணமில்லாதவரைக் கொலைகாரராகக் கொள்ள முடியாது. குடித்துவிட்டு ஓட்டியவரையும் கணநேரம் தவறியவரையும் ஒன்றாக நிறுக்கவும் முடியாது. கூலிக்கு ஓட்டும் ஏழையைச் சிறையிலிட்டால் இரண்டு வீடுகளில் அடுப்பு எரியாது.

எமது மனக்குறை வேறு. தண்டப்பணம் அரசுக்குச் சேர்கிறது. கணவனை இழந்தவளுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு செலுத்துமாறு குற்றவாளிக்குக் கட்டளையிட, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. கேட்பாரில்லாவிடில் அது ஏட்டிலேயே உறங்கும்.

இழப்பு முழுவதற்கும் நட்டஈடு கோர மாவட்ட நீதிமன்றில் தனி வழக்கிட வேண்டும். அதற்குக் காலவரையறை இரண்டு ஆண்டுகள். நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் எனக் காத்திருந்தால் அந்த உரிமையே பறிபோகலாம். மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாம் ஆள் காப்புறுதி பொதுவாகக் கட்டாயம் என்பதையும் பலர் அறியார். செத்தவீட்டிலேயே செலவுக்குச் சிறு தொகை தந்து கடதாசியில் கையொப்பம் கேட்பவர்களும் உண்டு.

எனவே கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் மரண உதவிச் சங்கங்களையும் கேட்கிறோம்: பந்தல் போடுவதோடு கடமையை முடித்துவிடாதீர்கள். வாகன இலக்கத்தையும் காப்புறுதி விபரத்தையும் குறித்துவையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் மரண விசாரணை அறிக்கையையும் பெற்றுக்கொடுங்கள். வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமிட விடாதீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவவே 1978இல் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தால் அமைக்கப்பட்டது. அங்கே அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.

எட்டாம் நாளோடு எமது ஆறுதல் முடிந்துவிடலாமா? இரண்டு ஆண்டுக் கணக்கு அப்போதுதானே தொடங்கியிருக்கிறது.