நின்று நின்று போகும் கணனி

"மாஸ்டர், திரும்பவும் நீலமாய் வந்து நிண்டுபோச்சு."

கடந்த மாதம் ஒரு ஞாயிறு மாலை தொலைபேசியில் ஒலித்த இக்குரல், எமது குடியிருப்பிலேயே வாழும் ஒரு தாயினுடையது. தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு செய்துள்ள குடும்பம் அது. சட்டத்தரணிக்கு அனுப்பவேண்டிய வாக்குமூலம், ஊரிலிருந்து வந்த கடிதங்களின் பிரதிகள், காலமான கணவரின் படங்கள், மகளின் பாடசாலைக் கட்டுரைகள் யாவும் அந்த ஒரே கணனியில் இருந்தன. வாக்குமூலத்தைக் கையளிக்க எஞ்சியிருந்தவை 12 நாட்கள்.

பாவித்த கணனியாக வாங்கப்பட்ட அது, நாளொன்றுக்கு நான்கைந்து தடவை நின்றுவிடும். திருத்துமிடமொன்றில் கோப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, விண்டோஸை அழித்துப் புதிதாகப் பதித்துக் கொடுத்தனர். மறுவாரமே பழையபடி நின்றது. மீண்டும் பதித்தனர், மீண்டும் பணம் பெற்றனர். மூன்றாம் முறை, பழைய இயந்திரம், புதியது வாங்குங்கள் என்று கூறி அனுப்பிவிட்டனர். எதைச் சோதித்தீர்கள் என்று அத்தாய் கேட்கவில்லை, அவர்களும் கூறவில்லை.

நாம் பொறியியல் கற்றவரல்லர். பாடசாலையில் வரலாறு கற்பித்தவர். ஆயினும், ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடுமெனில் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கவேண்டும் என்பது எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான நெறி. அந்த நெறியோடு, மென்பொருள் அறிந்த இளைஞர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சென்றோம்.

முதலாவது வேலை, குற்றம் தேடுவதன்று, உள்ளதைக் காப்பது. கணனியின் மின்னிணைப்பைக் கழற்றி, வன்தட்டை வெளியே எடுத்து, நல்ல நிலையிலுள்ள வேறொரு கணனியில் இணைத்துக் கோப்புகள் யாவற்றையும் பிரதி செய்தோம். பழுதுபட்ட கணனியைக் கொண்டே பிரதி எடுத்தால் என்ன என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. நினைவகம் கெட்டிருந்தால், அதனூடாகச் செல்லும் கோப்பும் ஓசையின்றிக் கெடலாம். அப்போது பிரதியும் பிழையாகவே அமையும்.

இரண்டாவது, ஒரு பாடசாலைக் கொப்பி. எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது, திரையில் என்ன எழுதியிருந்தது என்று மகள் குறித்துவந்தாள். இரண்டு நாட்களில் ஒன்பது தடவை நின்றிருந்தது. நீலத்திரையில் தோன்றிய பிழையின் பெயரோ ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. பெயர் மாறிக்கொண்டேயிருந்தால் ஒரு தனி மென்பொருளை விட, வன்பொருளைச் சந்தேகிப்பது தகும். ஆனால் சந்தேகம் தீர்ப்பாகாது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 'கேர்னல்-பவர் 41' என்ற குறிப்பும் பலமுறை இருந்தது. இதைக் கண்டு மின்வழங்கியே பழுது என்று முடிவுகட்டுவோர் உளர். உண்மையில் அக்குறிப்பு, கணனி முறையாக நிறுத்தப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

அதன்பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, கமரா ஆகியவற்றைக் கழற்றினோம், மீண்டும் நின்றது. மூடியைத் திறந்து, மின்விசிறியில் படிந்திருந்த தூசியை அகற்றினோம். கடும் வேலையின்போதும் செயலியின் வெப்பநிலை 65 பாகை செல்சியஸைத் தாண்டவில்லை. மிகுந்த சூட்டில்தான் செயலி தன் வேகத்தைக் குறைக்கும் அல்லது நின்றுவிடும். இது அந்த அளவன்று. எனவே வெப்பமும் விலக்கப்பட்டது.

அடுத்து, வன்தட்டை மீண்டும் கழற்றிவைத்து, பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடக்கினோம். அரை மணி நேரத்தில் அதுவும் உறைந்து நின்றது. அங்கே விண்டோஸும் இல்லை, வன்தட்டும் இல்லை. அவையில்லாதபோதும் குற்றம் நிகழ்ந்ததால் அவ்விரண்டின் மீதும் பழிசுமத்த இடமில்லை. இருமுறை பணம் கொடுத்துச் செய்வித்த வேலை இந்த நோய்க்குரிய மருந்தே அல்ல என்பது அந்த அரை மணி நேரத்தில் தெளிவாயிற்று.

அன்றிரவு 'மெம்டெஸ்ட் 86' என்னும் சோதனைச் செயலியைப் பென்டிரைவிலிருந்து தொடக்கிவிட்டு உறங்கச் சென்றோம். காலையில் திரை நிறையப் பிழைகள். உள்ளே தலா 4 கிகாபைற் கொண்ட இரண்டு நினைவகத் தகடுகள் இருந்தன. ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்தோம்; பிழையில்லை. மற்றதை அதே இடத்தில் வைத்தோம்; பிழைகள். அது எங்கே செருகினாலும் பிழை தந்தது. நல்ல தகடு எங்கே செருகினாலும் தரவில்லை. இடம் மாற்றிப் பார்த்திராவிட்டால், பழுது தகட்டிலா, தாய்ப்பலகையிலா என்பது தெரிந்திராது.

கெட்ட தகட்டை அகற்றினோம். எஞ்சிய ஒரு தகட்டுடன் கணனி சற்று மெதுவாக, ஆனால் நிற்காமல் இயங்கியது. தவணைக்கு மூன்று நாள் முன்னதாக வாக்குமூலம் சட்டத்தரணியிடம் சேர்ந்தது. அனுப்புமுன் அதை அச்சிட்டு, கையெழுத்துப் பிரதியுடன் வரிக்கு வரி ஒப்பிட்டோம், குறையில்லை. கணவரின் படங்களில் ஒன்று மட்டும், கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகத் திறந்தது. கெட்ட நினைவகம் செய்த வேலையாக இருக்கலாம். அதற்கு வேறு பிரதி இல்லை. அத்தாய் எதுவும் சொல்லாமல் அப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வழி எமது கண்டுபிடிப்பன்று. 1994இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில், கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி பகா எண்களைக் கொண்டு செய்த கணக்கில் விடை பிழைத்தது. அவர் முதலில் தமது நிரலையே சந்தேகித்தார். பின் ஏனைய மென்பொருளையும் தாய்ப்பலகையையும் ஒவ்வொன்றாக விலக்கி, மாதக்கணக்கில் உழைத்து, ஒக்டோபரில் குற்றம் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலியில் உள்ளது என நிறுவினார். டிசம்பரில் அந்நிறுவனம், கேட்டவர்களுக்கெல்லாம் செயலியை மாற்றித் தர உடன்பட்டது. அதன்பொருட்டு 47 கோடியே 50 இலட்சம் டொலரை ஒதுக்கியது. ஒரு தனிமனிதரின் பொறுமையான சோதனை அத்தகைய நிறுவனத்தையும் அசைத்தது.

வாசகர்களுக்குச் சில எச்சரிக்கைகள். மூடியைத் திறக்குமுன் மின்செருகியைக் கழற்றுங்கள். உள்ளே கைவைக்குமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுங்கள். மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் பிரிக்காதீர்கள்; இணைப்பைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும். நீலத்திரையின்றிக் கணனி சடுதியாக அணைந்துபோனால், நல்ல மின்வழங்கி ஒன்றை இரவல் பெற்று மாற்றிப் பாருங்கள். நினைவகச் சோதனை விண்டோஸிலும் உள்ளடங்கியே இருக்கிறது. 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' எனத் தேடினால் கிடைக்கும். அச்சோதனையில் ஒருமுறை தேறியதால் மட்டும் நினைவகம் நல்லது என்று கொள்ளவேண்டாம். ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கிய கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் இன்றே ஒரு பிரதி வையுங்கள்.

அந்நிய நாட்டில், மேசைக்கு அப்பால் இருப்பவர் சொல்வதைத் தலையசைத்து ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டோம். பணம் கொடுக்குமிடத்திலேனும் இரண்டு வினாக்களைக் கேட்போம்: எதைச் சோதித்தீர்கள்? எதை விலக்கினீர்கள்?

விடை இல்லாவிடின், கணனியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள்.