பூநாரை வீட்டுக் கல்யாணம்

பெண் பார்க்க வந்தால் பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்கிற வழக்கம் நம் வீடுகளில் வெகு காலம் இருந்தது. பிள்ளையை யாரும் பாடச் சொன்னதில்லை. பூநாரைக் குலத்தில் இந்தப் பாரபட்சம் கிடையாது. பெண்ணும் ஆட வேண்டும். பிள்ளையும் ஆட வேண்டும். அதுவும் தனியாக அல்ல, நூற்றுக்கணக்கில் கூடி ஊரறிய ஆட வேண்டும்!

பூநாரை என்றால் தெரியுமல்லவா? குச்சிக் கால்களும், நீண்ட கழுத்தும், நடுவில் மடங்கிய அலகும் கொண்ட ஃப்ளமிங்கோதான். நம் கோடிக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வந்து போகிற விருந்தாளி. ஆனால் அதன் கல்யாண விஷயங்களைத் துருவித் துருவிப் பார்த்திருப்பவர்கள், பிரான்ஸ் தேசத்தின் தெற்கே கமார்க் என்ற சதுப்பு நிலத்து ஆராய்ச்சியாளர்கள். 1977 முதல் குஞ்சுகளின் காலில் எழுத்துப் பொறித்த பிளாஸ்டிக் வளையம் மாட்டி வருகிறார்கள். அதனால் யாருக்கு என்ன வயசு, யாருக்கு யாரோடு குடித்தனம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

குளிர்காலத்திலேயே ஆட்டம் ஆரம்பமாகிவிடுகிறது. கழுத்தை நெட்டுக்குத்தாக நீட்டித் தலையை இடமும் வலமும் வெடுக்கென்று திருப்புவது ஓர் அடவு. இறக்கைகளை அகல விரித்து, உள்ளே இருக்கும் சிவப்பையும் கறுப்பையும் சற்றே காட்டிவிட்டு மூடிக்கொள்வது இன்னொன்று. பிறகு எல்லாருமாக நெருக்கியடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடப்பார்கள்; சட்டென்று திரும்பி எதிர்த் திசையில் நடப்பார்கள்.

இத்தனை கூட்டம் எதற்கு? எல்லாருக்கும் ஒரே சமயத்தில் மனசு கனிந்தால்தான் எல்லாரும் ஒரே சமயத்தில் கூடு கட்ட முடியும். கூட்டம் குறைந்தால் உற்சாகமும் குறைந்துவிடும். இதற்காகவே சில மிருகக்காட்சிச் சாலைகளில் பெரிய நிலைக்கண்ணாடிகளை வைத்து, இருபது பறவைகளை நாற்பதாகக் காட்டியிருக்கிறார்கள்!

இளவட்டங்கள்தான் பிரமாதமாக ஆடும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. கமார்க் பறவைகளைப் பற்றி 2016-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, வயசு ஏற ஏற அடவுகள் கூடிக்கொண்டே போய், சுமார் 20 வயசில் உச்சத்தை அடைகின்றன, அப்புறம்தான் குறைகின்றன. நிறைய அடவு தெரிந்த பறவைக்கே அந்த வருஷம் குடித்தனம் அமைவதும் அதிகம்.

ஆட்டம் இருந்தால் அலங்காரம் இல்லாமலா? பூநாரையின் செந்நிறம், அது தின்னும் பாசியிலிருந்தும் கூனிப் பூச்சியிலிருந்தும் கிடைப்பது. வால் அடியில் சுரக்கும் எண்ணெயிலும் அந்தச் சாயம் உண்டு. கன்னத்தால் அதைத் தொட்டுத் தொட்டுக் கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் பூசிக்கொள்கிறது. வெயிலில் வெளுத்துவிடுவதால் மறுபடி மறுபடி பூச வேண்டும். ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். நிறம் தூக்கலாக இருக்கிற பறவைகள் முந்திக் கூடு கட்டுகின்றனவாம்.

கடைசியில் ஒரு பெண், கூட்டத்தை விட்டு விலகி மெல்ல நடக்கிறது. ஒரு பிள்ளை பின்னாலேயே போகிறது. முகூர்த்தம் அவ்வளவுதான்.

இந்தப் பந்தம் எத்தனை நாளைக்கு? ஒரே ஒரு பருவத்துக்கு! கமார்க்கில் நூற்றுக்குச் சுமார் 98 ஜோடிகள் மறு வருஷம் சேர்வதில்லை. மறுபடி ஆட்டம், மறுபடி புது ஜோடி.

முகம் சுளிக்காதீர்கள், அம்மா! அந்த ஒரு பருவத்துக் குடித்தனத்தைக் கொஞ்சம் பாருங்கள். சேற்றைக் குவித்துக் கூடு கட்டுவது இருவரும். இடுவதோ ஒரே முட்டை. சுமார் ஒரு மாதம் மாற்றி மாற்றி அடைகாப்பது இருவரும். குஞ்சு பொரிந்ததும் பால் கொடுப்பது கூட இருவரும்! தாய் தகப்பன் இருவருடைய உணவுக்குழாயிலும் ரத்தச் சிவப்பாக ஒரு பால் சுரக்கிறது. உடம்பில் சேர்த்து வைத்த சத்தும் நிறமும் அதில் இறங்கிக் குஞ்சுக்குப் போய்விட, பெற்றவர்கள் வெளுத்துப் போகிறார்கள். சாயம் பூசுவதும் அநேகமாக நின்றுவிடுகிறது.

குழந்தை பிறந்த பிறகு கண்ணாடி பார்க்க நேரமில்லை என்று சொல்லாத தாய் உண்டா? பூநாரை வீட்டில் தகப்பனுக்கும் நேரமில்லை.