ஐந்தாம் வகுப்போடு பசி நின்றுவிடுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேன் விடிவதற்கு முன்பே காலனி முனைக்கு வந்துவிடும். நம் வீட்டுப் பெண்கள் பலர் அதில் ஏறிப் போகிறார்கள். முதல் நாள் சோறு மீந்திருந்தால் பிள்ளைகளுக்குப் பழையது உண்டு. மீறவில்லை என்றால் டீயும் பொறையும்தான்.

அந்த வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்குக் கவலை இல்லை. ஊர்ப் பள்ளிக்குப் போனதும் தட்டில் சூடாகப் பொங்கலோ உப்புமாவோ விழும். ஆறாம் வகுப்புக்குப் போய்விட்ட அக்காதான் வெறும் வயிற்றோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். போன வருடம்வரை அவளும் அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவள். இந்த வருடம் அவளுக்குத் தட்டு இல்லை. வீடு மாறவில்லை, வறுமையும் மாறவில்லை. வகுப்பு மட்டும்தான் மாறியிருக்கிறது.

வளரிளம் பருவத்தினரின் உடல்நலம் பற்றிப் பேசும் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் அறிவுரை, "காலை உணவைத் தவிர்க்காதீர்கள்" என்பது. நல்ல அறிவுரைதான். ஆனால், இருப்பதைத்தானே தவிர்க்க முடியும்? இல்லாத உணவை நம் பிள்ளைகள் எப்படித் தவிர்ப்பார்கள்?

கோடு விழுந்த இடம்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது விரிவடைந்தது 2024 ஜூலை 15 அன்று. அந்த விழா நடந்தது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் பள்ளிகளின் எண்ணிக்கை கூடியது. அதை நாம் வரவேற்றோம். ஐந்தாம் வகுப்பு என்ற கோடு மட்டும் இந்த விரிவாக்கங்கள் எதிலும் நகரவில்லை.

அந்தக் கோடு விழுந்திருப்பது உடலுக்கு அதிகம் தேவைப்படும் வயதில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையைப் பாருங்கள். ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. பத்து வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அது 28 மில்லிகிராம். பதின்மூன்று வயதில் 30. பதினாறு வயதில் 32. ஏறத்தாழ இரண்டு மடங்கு. எலும்பு நீளும் வயது அது, மாதவிடாய் தொடங்கும் வயதும் அதுவே. உடல் இரண்டு மடங்கு கேட்கும்போது பள்ளி ஒரு வேளையைக் குறைத்துக்கொள்கிறது.

விளைவு என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாடு முழுவதும் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம், அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பெண்கள் ரத்தம் குறைந்த உடலோடுதான் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரத்தசோகை வெளியே காயமாகத் தெரியாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இரண்டாவது பாடவேளையில் கண் சொருகும். படித்தது மனதில் நிற்காது. ஆசிரியர் பார்வைக்கு அது "மந்தம்", "அக்கறை இல்லை" என்று படும். இந்தச் சொற்கள் நம் பிள்ளைகள்மீது விழும்போது தனியாக விழுவதில்லை. "இதுங்க இப்படித்தான்" என்ற பழைய பேச்சோடு சேர்ந்தே விழுகின்றன. ஒரு சத்துக் குறைபாடு சாதியின் குணமாகிவிடுகிறது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளை ஒருநாள் தானும் நம்பிவிடுகிறது. பத்தாம் வகுப்போடு நின்று ரோலிங் மில்லுக்கோ பேக்கிங் வேலைக்கோ போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படி நம்பிப் போனவர்கள்?

மாத்திரைக்கு முன் சோறு

"இரும்புச்சத்து மாத்திரைதான் கொடுக்கிறோமே" என்பார்கள். உண்மைதான். வாரம் ஒரு நீல மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அதில் உண்டு. நல்ல திட்டம். ஆனால், வெறும் வயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டும், வயிறு வலிக்கும். ஒருமுறை வாந்தி எடுத்த பெண் அடுத்த வாரம் அதை ஜன்னல் வழியே எறிந்துவிடுவாள். அவளைத் திட்டிப் பயனில்லை. மாத்திரைக்கு முன் சோறு வேண்டும்.

"மதியம் சத்துணவு இருக்கிறதே" என்பது அடுத்த பதில். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் பன்னிரண்டரை மணிவரை காத்திருக்க வேண்டும். பதினாறு மணி நேரத்துக்கு மேல். அந்த மதிய உணவும் பத்தாம் வகுப்போடு சரி. பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கும் பிள்ளைக்குக் காலையும் இல்லை, மதியமும் இல்லை.

நம் கிராமங்களுக்கு முன்பு ஏரிக்கரைக் கீரையும் மேய்ச்சல் நிலத்து ஆட்டுப்பாலும் இருந்தன. தேர்வாய்கண்டிகையில் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊரை ஒட்டி இருந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் காடும் இன்று சிப்காட். மக்கள் போராடியும் அது நடந்தது. தொழிற்சாலைகள் வந்தன, நம்மில் பலருக்குக் கிடைத்தது ஒப்பந்த வேலை. நிலம் கொடுத்த உணவு போனது. அந்த இடத்தை நிரப்புவது அரசின் கடமை.

செலவைக் காரணம் காட்டுபவர்களுக்கு நம் மாநிலத்தின் வரலாறே பதில் சொல்லும். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது கிராமப்புறங்களில் இரண்டு முதல் ஒன்பது வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு மட்டும்தான். 1984 செப்டம்பரில் அது 10 முதல் 15 வயதுவரையுள்ள மாணவர்களுக்கும் விரிந்தது. இதே வயதுக் கோட்டை இந்த மாநிலம் இரண்டே ஆண்டுகளில் தாண்டியிருக்கிறது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

இன்னொன்றும் உண்டு. 2023இல் கரூரிலும் தூத்துக்குடியிலும் தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சிலர் தடுத்தார்கள். அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதியும் நேரில் போய், அங்கேயே அமர்ந்து சாப்பிட்டார்கள். ஒரே அடுப்பில் வெந்ததை எல்லோரும் ஒரே வரிசையில் உண்பது சிறு பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய பாடமோ, கையில் சாதிக் கயிறு ஏறும் வயதுப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம்.

செய்ய வேண்டியவை

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. மாத்திரையைச் சாப்பிட்ட பிறகே போடுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். அவை இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். களைப்பாக இருப்பதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அது உங்கள் குறை இல்லை.

பெற்றோருக்கும் ஊருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசுவோம். அடுத்த கிராம சபையில், "காலை உணவு பன்னிரண்டாம் வகுப்புவரை வேண்டும்" என்று ஒரு வரித் தீர்மானம் போடுவோம். கும்மிடிப்பூண்டி, எல்லாபுரம், மீஞ்சூர் ஒன்றியங்களின் அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் முதலில் தொடங்கட்டும். சிப்காட் நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவ வந்தால் வரட்டும். ஆனால், இது யாருடைய தர்மமாகவும் ஆகிவிடக் கூடாது; அரசாணையாக, உரிமையாக வர வேண்டும்.

தம்பிக்குத் தட்டு வைத்த அரசு, அக்காவுக்கும் ஒரு தட்டு வைக்கட்டும்.