பழியை மாட்டுக்காரர் தலையில் போடாதீர்கள்

ஓசூரை அடுத்த உத்தனப்பள்ளிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களைக் கூட்டிவைத்துப் பண்ணை ஆலோசகர் ஒருவர் பேசிய பேச்சுக்கு இது பதில். “ஓசூர் மேட்டு நிலம், இங்கே வெயில் ஒரு பொருட்டே இல்லை. பருவநிலை மாற்றம் என்பது வெறும் சாக்கு. பால் குறைந்தால் தீவனம் போடவில்லை, பால்மானியில் டிகிரி குறைந்தால் தண்ணீர் கலந்திருக்கிறார்கள்” என்றார். முதல் இரண்டும் அறியாமை. மற்றவை உழைப்பவர்கள் மீது சுமத்திய அவதூறு.

மனிதத் தோலை வைத்து மாட்டின் வெயிலை அளக்க முடியாது. வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் குறியீடு 72-ஐத் தாண்டினால் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) போன்ற சீமை இனங்கள் திணறத் தொடங்கும். 25 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தாலே அந்தக் கோடு தாண்டிவிடும். நமக்கோ அது இதமான பொழுது. 30 டிகிரி, 70 சதவீதம் என்றால் குறியீடு 81. சிமெண்ட் ஷீட் கூரை இறக்கும் சூடு இந்தக் கணக்கிலேயே இல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரிலேயே 38 டிகிரிக்கு மேல் அடித்தது. ஓசூர் குளிர்ச்சி என்ற பழம்பெருமை எந்த மாட்டுக்கு நிழல் கொடுக்கும்?

பகல் இரண்டு மணிக்கு அவர் ஒரு கொட்டகைக்குள் போயிருக்க வேண்டும். அந்தச் சீமை இரத்தம் கலந்த கலப்பின மாடு படுக்காது. உடம்பில் காற்றுப்பட நின்றுகொண்டே இருக்கும். வாயைத் திறந்து இரைக்கும், எச்சில் நூலாக ஒழுகும். இரைப்பையின் புளிப்பைத் தணிக்க வேண்டிய உப்பு அந்த எச்சிலோடு தரையில் போகிறது. தீவனம் செரிக்கும்போது வயிற்றுக்குள்ளேயே சூடு உண்டாவதால், மாடு தானாகவே தின்பதைக் குறைக்கிறது. தொட்டி நிறையத் தவிடும் புல்லும் கிடக்கும், அது தொடாது. போடவில்லை என்கிறார் இவர்.

சரி, தின்னாததுதான் முழுக் காரணமா? அதையும் அரிசோனா பல்கலைக்கழகத்தில் சோதித்துவிட்டார்கள். வெயிலில் நின்ற மாடு தின்ற அதே குறைந்த அளவையே குளிர்ச்சியில் நின்ற மாட்டுக்கும் கொடுத்தார்கள். தீவனக் குறைவால் வந்தது, வெயில் மாட்டின் பால் இழப்பில் ஏறக்குறைய பாதிதான். மீதியை வெப்பமே நேரடியாகப் பறித்தது. அந்தச் சூட்டில் பாலின் கொழுப்பும், பால்மானியில் டிகிரியாகத் தெரியும் கொழுப்பல்லாத திடப்பொருளும் (எஸ்.என்.எஃப்.) சேர்ந்தே இறங்குகின்றன. பால் சொசைட்டியில் விலை போடுவது இவ்விரண்டையும் பார்த்துத்தான். ஆக, பால் குறைந்து ஒரு நட்டம், விலை குறைந்து இன்னொரு நட்டம். அதற்கும் மேலே தண்ணீர் ஊற்றியவர் என்ற பட்டம். விடியுமுன் எழுந்து சாணி அள்ளும் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது? வெயிலால் மாடு பருவத்துக்கு வந்ததே தெரியாமல் போவது, சினை ஊசி போட்டும் சினை நிற்காதது, இவற்றைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

தாங்காவிட்டால் ஆலம்பாடி மாடு வாங்குங்கள் என்றும் அறிவுரை. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்து மண்ணின் இனம் அது, காப்பாற்றப்பட வேண்டியது. ஆனால் உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்த மாடு. அதன் பாலை நம்பிக் கடன் தவணை கட்ட முடியாது. கலப்பின மாட்டை விவசாயி தானாகத் தேடிக் கொண்டுவரவில்லை. பால் பெருக்கத் திட்டங்கள் என்று அரசு வீடுவீடாகக் கொண்டுவந்து சேர்த்தது.

மாட்டுக்கு வேண்டியது மரநிழல், தண்ணீர், பச்சைத்தீவனம். மூன்றும் நிலத்தில்தான் இருக்கின்றன. அந்த நிலத்தை சிப்காட் தொழிற்பேட்டைக்கு எடுக்கக் கூடாது என்றுதான் 2023-ல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் உழவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆலோசகரின் பேச்சில் நிலம் என்ற சொல்லே வரவில்லை.

அரசே, ஃபேனும் தெளிப்பானும் மானியத்தில் கொடுங்கள். கோடை மாதங்களில் கொழுப்பு இறங்கியதற்காக விலையை வெட்டாதீர்கள். ஆலோசகரே, தண்ணீர் கலந்தார்கள் என்று சொன்னதை அதே கூட்டத்தில் நின்று திரும்பப் பெறுங்கள்.