குட்டி நாய்க்கு ஒரு குட்டித் திடல்

"டி.வி.யில் பார்த்துவிட்டு, நம்ம குட்டியும் கம்பு தாண்டணும்னு பிள்ளைகள் ஒரே அடம். குட்டிக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. தாண்ட விடலாமா?" என்று திருப்பத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். காவலூர் மலையில் நாயும் கோழியுமாகக் குடித்தனம் நடத்துகிறவள் என்பதால் கேள்வி என்னிடம் வந்திருக்கிறது. என் பதில்: விளையாட்டு தாராளமாக வேண்டும், தாண்டுவது மட்டும் இப்போது வேண்டாம்.

தடை தாண்டி, குழாய்க்குள் நுழைந்து ஓடும் இந்த விளையாட்டுக்கு 'அஜிலிட்டி' என்று பெயர். 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், போட்டிகளுக்கு இடையே கூட்டத்தை மகிழ்விக்க, குதிரைகள் தடை தாண்டுவதைப் பார்த்து அமைத்த வேடிக்கை இது. இன்று பல நாடுகளில் பெரிய போட்டி. ஆனால் அந்த பிரிட்டனிலேயே 18 மாதம் நிறையாத நாயைப் போட்டியில் சேர்ப்பதில்லை.

காரணம் எலும்பு. குட்டியின் கால் எலும்பு நுனிகளில், வளர்ச்சிக்காக ஒரு மெல்லிய குருத்துப் பகுதி இருக்கிறது. சிறு ஜாதி நாய்களுக்கு அது இறுகச் சுமார் ஒரு வருஷம் ஆகும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற உயரமான நாய்களுக்கு இன்னும் அதிக நாள். அதற்குள் கட்டிலிலிருந்து குதிப்பதும் ஸ்டூலைத் தாண்டுவதுமாக இருந்தால், அந்தக் குருத்து நசுங்கிக் கால் கோணலாக வளரக்கூடும். நம் பிள்ளை தவழும் வயதில் மூட்டை தூக்கச் சொல்வோமா?

"நாய்க்கு எதுக்கும்மா பள்ளிக்கூடம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார். சும்மா கட்டிப் போட்ட குட்டிதான் செருப்பைக் கடிக்கும், ஓயாமல் குரைக்கும். நாளுக்கு இரண்டு தடவை, ஐந்தைந்து நிமிஷம் விளையாடினால் போதும், குணமே மாறும்.

கடைக்குப் போய் எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் இருப்பதே போதும்:

1. பலகை: ஒரு மணையில் சாக்கைச் சுற்றித் தரையில் வையுங்கள். குட்டி ஏறி நின்றதும் 'சபாஷ்' சொல்லி ஒரு துணுக்குத் தீனி. பிறகு 'உட்கார்' பழக்கலாம்.

2. குகை: இரண்டு பக்கமும் திறந்த அட்டைப் பெட்டி. ஒரு பக்கம் பிள்ளை குட்டியோடு இருக்க, மறுபக்கம் நீங்கள் குந்திக் கூப்பிடுங்கள். பழகியதும் நாற்காலிகளின் மேல் பழைய புடவையைப் போர்த்தி நீளமாக்கலாம். உள்ளே தள்ளாதீர்கள்; பயந்த குட்டி மறுபடி கிட்டவே வராது.

3. கம்பு: விளக்குமாற்றுக் கழியைத் தரையிலேயே கிடத்துங்கள். அதை நடந்து கடக்கட்டும். ஒரு வயதாகும்வரை உயர்த்த வேண்டாம்.

4. பாட்டில் வரிசை: மணல் நிரப்பிய நான்கு பாட்டில்களை இரண்டடி இடைவெளியில் நிறுத்தி, தீனியைக் காட்டி நிதானமாக வளைந்து நடக்க வையுங்கள். வேகமாகத் திருப்புவது கூடாது.

மொசைக் தரை வழுக்கும். சாக்கு விரித்த பிறகே விளையாட்டு. வயிறு நிறைந்தவுடன் ஓட விடாதீர்கள்.

தீனிக்கு வேகவைத்த முட்டை, உப்பில்லாத கோழிக்கறி, காரட் இவற்றை நிலக்கடலை அளவில் கிள்ளி வையுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. அவை நாய்க்கு விஷம்.

டாக்ஸ்ஹண்ட் போன்ற நீள முதுகு நாய்களுக்கு முதுகுத் தட்டு எளிதில் பிசகும். வளர்ந்த பிறகும் தாண்டுதல் வேண்டாம். குகையும் பலகையும் போதும். பொமரேனியனுக்கு முழங்கால் சில்லு நழுவும். ஓடும்போது பின்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி நொண்டினால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். பக் நாய் மூச்சு வாங்கினால் உடனே நிழலும் தண்ணீரும். சமவெளிச் சகோதரிகள் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

எங்கள் ஊரில் 1968 முதல் வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் இங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு இருட்டு வரம். எனக்கோ பாம்பு, தேள் பயம். ஆகவே விளக்கு வைக்கும் முன்பே விளையாட்டை முடித்து, காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்த்துவிடுவேன்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையையும் குட்டியையும் தனியே விட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள். தீனியை விரல் நுனியில் அல்ல, விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டச் சொல்லிக் கொடுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி அவசியம். மருத்துவர் சொல்லும் தேதியில் மறுபடியும் போட வேண்டும். விளையாட்டில் பல்லோ நகமோ பட்டு ரத்தம் கசிந்தால், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். "நம்ம வீட்டுக் குட்டிதானே" என்று இருந்துவிடக் கூடாது.

திருப்பத்தூர் சகோதரியே, கம்பைத் தரையில் கிடத்துங்கள், பெட்டியைத் திறந்து வையுங்கள். குட்டிக்கு ஒரு வயது ஆகட்டும்; மருத்துவரிடம் ஒருமுறை காலைக் காட்டிவிட்டு, அதன் கணுக்கால் உயரத்தில் கம்பை வைத்துத் தொடங்கலாம்.