கொல்லைக்கதவுக்கு அந்தப்பக்கம்

கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு என்று சுற்றிக் காட்டுகிறார்கள். கொல்லைக் கடைசியில் மதிலோடு ஒட்டிச் சின்னதாக ஒரு செங்கல் கட்டடம். ஓர் ஆள் குந்தி எழுந்திருக்கிற அகலம்தான். காரைப்பூச்சை உரித்து, செங்கலைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ‘இது அந்தக் காலத்து ஸ்டோர் ரூம் சார், விறகு, வரட்டி போட்டு வைப்பாங்க’ என்றான் காட்டிய பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறான்.

விறகு வைக்கிற அறைக்கு எதற்கய்யா நாலு படி ஏறி மேடை? மேடை நடுவில் எதற்கு ஓட்டை? சிமெண்ட் வைத்து அடைத்தாலும் தடம் தெரிகிறதே. இரண்டு பக்கமும் கால் வைக்கக் கல் எதற்கு? சந்துப்பக்கம் போய்ப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு சதுரத்தைப் புதுச் செங்கல் வைத்து மூடியிருக்கிறார்கள். விறகு அந்த வழியாகவா வந்தது?

அது எடுப்புக் கக்கூஸ். தஞ்சாவூர்ப் பக்கம் ‘கொல்லைக்குப் போறது’ என்றாலே அர்த்தம் அதுதான். மேலே உட்காருகிறவர் வீட்டுக்குள்ளிருந்து வருவார். கீழே விழுந்ததை அள்ளுகிறவள் சந்துக்குள்ளிருந்து வருவாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கென்றே திட்டமிட்டு, அளந்து கட்டிய கட்டடம். தீண்டாமையை ஏட்டில் தேடுகிற ஆய்வாளப் பெருமக்கள் இந்த மதிலை ஒருதரம் அளந்து பார்க்கலாம்.

என் அவ்வா அந்தச் சந்துகளில் அள்ளியவள். தகரத்துண்டு, விளக்குமாறு, சாம்பல், கூடை. மழைக்காலத்தில் கூடை ஒழுகும், தலை வழியாக முதுகில் இறங்கும். எந்த வீட்டில் யாருக்குப் பேதி, எந்தக் குழந்தைக்குப் பூச்சி என்று சந்தில் நின்றே சொல்லிவிடுவாள். அந்த வீட்டுத் திண்ணை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. முன்தெருவுக்கு அவள் போனதேயில்லை.

மரபுக் கட்டடங்களைக் காக்க ஓர் ஆணையம் அமைக்கத் தமிழ்நாடு 2012இல் சட்டம் இயற்றியது. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இல் போட்ட சட்டம் ஏட்டிலேயே கிடந்ததால், 2013இல் இந்திய நாடாளுமன்றம் மறுபடி ஒரு சட்டம் போட்டது. 2011 கணக்கெடுப்பே நாட்டில் மனிதர் கையால் அள்ளப்படும் கக்கூஸ்கள் ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல் என்று ஒத்துக்கொண்டிருந்தது. ஆக, ஒரே வீட்டுக்கு இரண்டு சட்டம், வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று. வாசலைப் பார்க்கிற கண் கொல்லையைப் பார்ப்பதில்லை.

‘சட்டமே இடிக்கத்தானே சொல்லுது, நீங்க ஏன் வச்சிருக்கச் சொல்றீங்க?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆந்திராவில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தோழர்கள் கடப்பாரையோடு போய் இடித்தார்கள். புழக்கத்தில் இருக்கிற கக்கூசை இடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் புழக்கம் நின்று, தேய்த்துப் பாலிஷ் போட்டு, வாடகைக்கு விடுகிற வீட்டின் ‘அழகு’களில் ஒன்றாக அதைக் காட்டுகிறீர்களே, அங்கே பொய்ப்பெயர் வைக்காதே என்கிறேன். இடிப்பது ஒரு நீதி. பேரை மாற்றுவது திருட்டு.

அமெரிக்காவிலும் இந்தத் திருட்டு நடந்தது. தென்மாநிலங்களின் மாளிகைகளுக்குப் பின்னால் அடிமைகள் கிடந்த கட்டடங்களை நெடுங்காலம் ‘வேலைக்காரர் விடுதி’ என்றே சொல்லி வந்தார்கள். சார்ல்ஸ்டன் நகரத்து ஐக்கன்-ரெட் மாளிகையை 1995இல் ஓர் அறக்கட்டளை வாங்கியது. அதன் பின்கட்டில் இருக்கும் செங்கல் குடியிருப்பைப் பூசி மெழுகாமல் கிடந்தபடியே வைத்திருக்கிறது. அடிமைகள் இருந்த இடம் என்று பெயர் சொல்லியே காட்டுகிறார்கள். கறுப்பர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய மாற்றம் இது, வெள்ளைக்காரன் மனசு இளகிக் கொடுத்ததல்ல.

விடுதிக்காரரிடம் ஒரு பலகை வைக்கச் சொல்லிக் கேட்டேன். ‘சாப்பிட வர்றவங்க முகம் சுளிப்பாங்க’ என்றார். அள்ளியவள் சுளித்த முகம் அவர் கணக்கில் வரவில்லை.

அவ்வாவிடம் சொன்னேன். முதலில் ‘அந்த எழவை இடிச்சுப் போடச் சொல்லு’ என்றாள். ரெண்டு நாள் பேசவில்லை. அப்புறம் வெற்றிலையை மென்றபடி அவளாகவே கேட்டாள், ‘பலகையில என்னா எழுதப் போற?’ உங்கள் எல்லார் பேரும் என்றேன்.

‘எங்க பேரு எதுக்கு? உக்காந்தவங்க பேரை எழுது.’