தாதிக்குப் பட்டம் எதற்கு?

“தாதிக்குப் பட்டம் எதற்கு? ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் முதுமாணிப் பட்டமா வேண்டும்?” இக்கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வைத்தியசாலைத் தாழ்வாரங்களில் மட்டுமன்று, முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் கூடும் இடங்களிலும் இது ஒலிக்கின்றது. வைத்தியர் ஒருவர் பட்டப்பின் படிப்புக்குச் செல்லும்போது எவரும் இவ்வாறு கேட்பதில்லை. அது வளர்ச்சி எனப்படுகின்றது. தாதி செல்லும்போதோ அது ஆடம்பரமாகிவிடுகின்றது. எனவே இது கல்வி பற்றிய கேள்வியன்று. யார் சிந்திக்கலாம், யார் ஏவல் செய்யவேண்டும் என்பது பற்றிய கேள்வியாகும். உலகின் தாதியருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என உலக சுகாதார நிறுவனம் 2020 இல் கணக்கிட்டது. கையால் உழைப்பவர், அதிலும் பெண், கருத்தாலும் உழைக்க முற்படும்போது பழைய சமுதாயம் முகஞ்சுளிப்பது புதுமையன்று.

உயர்நிலைத் தாதியப் பணி என்பது யாது? ஆழ்ந்த அறிவும், சிக்கலான நிலைமைகளில் முடிவெடுக்கும் திறனும், விரிந்த பணிக்குரிய சிகிச்சைத் தேர்ச்சியும் பெற்ற பதிவுபெற்ற தாதியின் பணி என்று சர்வதேசத் தாதியர் மன்றம் 2002 இல் வரையறுத்தது. அதற்கு முதுமாணித் தரக் கல்வி விரும்பத்தக்கது எனவும் கூறியது. உடற்பரிசோதனை, நோயுற்ற உடலின் தொழிற்பாடு, மருந்தியல் ஆகிய மூன்றும் இக்கல்வியின் அடித்தளமாகும். இவை ஏட்டுச்சுரைக்காய் அல்ல. இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் மூச்சு வேகங்கொள்வதை முதலிற் காண்பவர் யார்? சிறுநீர் குறைவதையும் பேச்சுத் தடுமாறுவதையும் முதலில் உணர்பவர் யார்? கட்டிலருகே நிற்கும் தாதியே. கிருமித் தொற்று உடலெங்கும் பரவுவதன் அறிகுறிகளாக அவை இருக்கலாம். அந்நிலையில் ஒரு மணிநேரத் தாமதம் உயிரையே பறிக்கலாம். காண்பவருக்கு அதன் பொருள் விளங்க வேண்டாமா? விளங்கியபின் செயற்படும் உரிமை வேண்டாமா?

இது வெறுங் கற்பனை என்போர் வரலாற்றைப் பார்க்கட்டும். 1965 இல் அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் லொரெற்றா போர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து, வைத்தியர் போதாத இடங்களிற் குழந்தைகளைப் பரிசோதித்துப் பராமரிக்கத் தாதியரைப் பயிற்றத் தொடங்கினர். இத்தகைய தாதியரின் பணி பாதுகாப்பானதே என 1974 இல் வெளியான கனடாவின் ஒன்ராறியோ ஆய்வு காட்டிற்று. 2000 இல் வெளியான நியூயோர்க் ஆய்வொன்றில், ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளர் எவ்விதத் தெரிவுமின்றி இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் இத்தாதியரிடமும் மற்றையோர் வைத்தியரிடமும் அனுப்பப்பட்டனர். ஆறு மாதத்தின் பின் அவர்தம் உடல்நிலையிற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இங்கிலாந்து 2006 இல் தகுதிபெற்ற தாதியருக்குத் தாமே மருந்து விதிக்கும் உரிமையைப் பெரிதும் விரிவாக்கிற்று.

அந்நிய நாட்டுக் கதை எமக்கெதற்கு எனலாம். எமது நாட்டின் கதை வேறா? 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. அங்கிருந்து பரவிய முறையில் கிராமந்தோறும் வீடு வீடாகச் சென்றவர் பயிற்றப்பட்ட மருத்துவிச்சியே. 1940களின் தொடக்கத்தில் இலட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்தைந்நூறுக்கு மேலிருந்த தாய்மார் மரணம் 2010 அளவில் நாற்பதுக்குக் கீழே இறங்கியதற்குரிய காரணங்கள் பல. அவற்றுள் அப்பெண்களின் உழைப்பு முதன்மையானது. நாட்டுப்புற மருந்தகங்களைத் தாங்கி நின்ற அப்போதிக்கரிமாரையும் எமது மூத்தோர் மறவார். உழைப்பவரிடம் அறிவையும் பொறுப்பையும் ஒப்படைத்தபோதெல்லாம் மக்களே நலம் பெற்றனர்.

எனினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. பட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கைதட்டுவோரும் எம் நண்பரல்லர். பட்டத்தைச் சரக்காக்கி விற்போர் அதனை அயல்நாட்டுக்குச் செல்லும் கடவுச்சீட்டாகவே விளம்பரஞ் செய்கின்றனர். உலகத் தாதியருள் எட்டில் ஒருவர் தாம் பிறந்த அல்லது பயின்ற நாட்டிலன்றிப் பிறநாட்டிற் பணிபுரிவதாக 2020 இல் கணக்கிடப்பட்டது. 2018 இல் உலகிற் குறைந்திருந்த 59 இலட்சம் தாதியருட் பெரும்பகுதி வறிய நாடுகளின் குறையே. 2022 இல், நெருக்கடியின் நடுவே, எமது அரசு தன் ஊழியர் சம்பளமின்றி ஐந்தாண்டுவரை விடுமுறை பெற்று வெளிநாடு சென்று உழைக்க வழிவிட்டது. சென்றவரை நாம் பழிக்கோம். வெறும் வயிற்றுடன் இலட்சியம் பேசச் சொல்லும் உரிமை எவருக்குமில்லை. ஏழை நாட்டின் செலவிற் பயின்ற கையைச் செல்வ நாடு இலவசமாகப் பெறும் ஒழுங்கையே நாம் எதிர்க்கிறோம்.

மற்றொரு வஞ்சனையும் உண்டு. உயர்கல்வி பெற்ற தாதிக்கு நோயாளியருகே உரிய பதவி இல்லையெனில், அவர் விரிவுரை மண்டபத்துக்கோ அலுவலக நாற்காலிக்கோதான் செல்லவேண்டும். அல்லது பழைய விடுதிக்கே திரும்பி, பழைய அதிகாரமின்மையோடு நின்று, தாம் அறிந்ததை அறியாதவர்போல் நடிக்கவேண்டும். அதிகாரமற்ற பட்டம் சுவரில் தொங்கும் சட்டகம், அவ்வளவே. அதற்கு மாறாக, சம்பள உயர்வின்றி வைத்தியரின் வேலையை மட்டும் தாதியின் தலையிற் சுமத்துவதும் சுரண்டலே. வறியவருக்கு மலிவான வைத்தியம், செல்வருக்கு நிபுணர் என்ற பிரிவினைக்கு இக்கல்வி கருவியாதலை நாம் ஒருபோதும் ஏற்கோம்.

ஆகவே நாம் கேட்பன தெளிவானவை. முதலாவது, பொதுச் செலவிற் கல்வி. வைத்தியர் அரச சம்பளத்துடன் பட்டப்பின் பயிற்சி பெறுகின்றனர், அது நியாயமே. அதே நியாயம் தாதிக்கும் உரியது. 1945 இல் கன்னங்கரா திறந்த இலவசக் கல்வியின் வாயில், முதுமாணிப் படியிற் கட்டணச் சீட்டாக மாறுவதேன்? இரண்டாவது, கட்டிலருகே பதவி, சட்டத்தால் வரையறுத்த அதிகாரம், அதற்கேற்ற ஊதியம். மூன்றாவது, இக்கல்வியின் பயன் தலைநகரில் தேங்காது மலையகத் தோட்டங்களையும் வன்னிக் கிராமங்களையும் சென்றடைதல். நான்காவது, நோயாளியின் மொழியிற் பேசும் ஆற்றல் பரீட்சையின் ஒரு பகுதியாதல். கொழுந்து பறிக்கும் பெண் தன் நோவைத் தமிழிற் கூற, அதனைக் கேட்க ஆளில்லையெனில் எந்த மருந்தியலும் அவளைக் காவாது. சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தையே தமிழிற் கற்பித்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இதனை இயலாததென்று எவரும் கூற வேண்டாம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் வகுப்பறையிற் கெட்டிக்கார மாணவி ஒருத்தி தாதியாக விரும்புகிறேன் என்று சொல்லும்போது, “ஏன், டாக்குத்தருக்குப் புள்ளி போதாதா?” என்று கேட்கும் நாவை முதலில் அடக்குவோம். அக்கேள்வியும் இக்கட்டுரையின் தொடக்கத்திற் கண்ட கேள்வியும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. தாதிக்குப் பட்டம் எதற்கு? நள்ளிரவிலே, வைத்தியர் இல்லாத விடுதியிலே, மூச்சுத் திணறும் ஏழையின் உயிருக்காக. அவ்வுயிர் அற்பமென எண்ணுவோரே அப்பட்டமும் வீணென்பர்.